பாஸ்போர்ட் அங்கே, பள்ளிக்கூடம் இங்கே

அமெரிக்கக் குடியுரிமையோடு தமிழ்நாட்டில் படித்து, கல்லூரிக்கு மறுபடி அமெரிக்கா போக நினைக்கும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. இந்த இதழின் பதில்கள் முழுவதும் அவர்களுக்கே.

மகள் பிறந்தது நியூ ஜெர்சியில். மூன்று வயதில் சென்னை வந்துவிட்டோம். இப்போது பிளஸ் ஒன். குடியுரிமை இருப்பதால் நல்ல கல்லூரியில் சுலபமாக இடம் கிடைக்கும் என்கிறார்களே?
*ஒரு தந்தை, அண்ணா நகர்*

இடம் சுலபமாகாது. பணம் சுலபமாகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரும்பாலான கல்லூரிகளின் கணக்கில் உங்கள் மகள் உள்நாட்டு மாணவி. குடிமக்கள் உலகில் எங்கே வசித்தாலும் உள்நாட்டு விண்ணப்பதாரர்களே என்று எம்.ஐ.டி. வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அவளுடைய மதிப்பெண்களைப் பல கல்லூரிகளில் படிக்கப்போகிறவர், தெற்காசியப் பள்ளிகளிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் பார்க்கிற அதே அலுவலர்தான். சி.பி.எஸ்.இ.யில் 92 என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர் அவர்தானே. அதனால் படிப்பில் அவளோடு ஒப்பிடப்படுகிறவர்கள் சென்னை, பெங்களூர் மாணவர்கள்.

பணம் வேறு கதை. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், கொலம்பியா, டியூக், பென்சில்வேனியா ஆகிய பல்கலைக்கழகங்கள் குடிமக்களைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்தக் குடும்பத்தால் ஃபீஸ் கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் மட்டும் அதையும் எடைபோடுகின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்களில்தான் எந்த நாட்டவருக்கும் ஒரே அளவுகோல். ஆக, பக்கத்து பெஞ்சில் உட்காரும் தோழிக்குக் கிடைக்காத ஒரு பெரிய வசதி உங்கள் மகளுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான காகிதங்களைப் பிளஸ் டூ வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

நியூ ஜெர்சியில் பிறந்தால் அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம்தானே?
*அதே தந்தை*

இல்லை. பிறந்த ஊர் அங்கே கணக்கில் வராது. பெற்றோர் இப்போது எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசிக்கிறார்கள் என்பதே கேள்வி. நீங்கள் அண்ணா நகரில் இருக்கிறீர்கள்.

என் தம்பி டெக்சாஸில் இருக்கிறான். அவன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால்?
*ஒரு தாய், சேலம்*

கொடுக்காதீர்கள். முகவரி கேட்பதோடு நிறுத்தமாட்டார்கள். பெற்றோரின் வரித்தாக்கல், வேலை, வீடு என்று ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்பார்கள். பொய் என்று பின்னால் தெரிந்தால் கிடைத்த சேர்க்கையும் போகும்.

நேர்வழிகள் உண்டு, ஆனால் நீளமானவை. டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளியை முடித்து, அதற்கு முந்தைய 36 மாதங்களும் அந்த மாநிலத்தில் வசித்தவருக்கு உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும். கலிஃபோர்னியாவிலும் மூன்றாண்டுப் பள்ளிப் படிப்பை வைத்து ஒரு சலுகை இருக்கிறது. உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பு என்றால் யோசிக்கலாம். பிளஸ் டூ என்றால் இந்த யோசனையை விட்டுவிட்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

இருவர் சம்பளமும் சேர்த்து வருடம் 25 லட்சம் ரூபாய். தனியார் கல்லூரிகள் வருடத்துக்கு 80, 90 ஆயிரம் டாலர் கேட்கின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களை மட்டும் பார்த்தால் போதுமா?
*ஒரு வங்கி ஊழியர், திருச்சி*

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை ஒதுக்கலாம்.

அரசுக் கல்லூரி என்றால் மலிவு, தனியார் என்றால் செலவு என்பது நம் ஊர் அனுபவம். வெளிமாநிலத்தவராகவோ வெளிநாட்டில் வசிக்கும் குடிமகனாகவோ போகிறவருக்கு அங்கே அது தலைகீழாக அமைவது உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மாநிலத்தவர் அல்லாதோரிடம் வழக்கமான கட்டணத்துக்கு மேல் வருடத்துக்கு 34 ஆயிரம் டாலருக்கும் அதிகமாக வசூலிக்கிறது. அந்தக் கூடுதல் தொகைக்குத் தேவை அடிப்படையிலான உதவியை அங்கே பெரிதாக எதிர்பார்க்க முடியாது. மாநிலத்தின் பணம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கே என்பது அவர்கள் நியாயம்.

பெரிய நிதி வைத்திருக்கும் தனியார் கல்லூரிகள் உங்கள் வருமானத்தை டாலரில் மாற்றிப் பார்க்கும். 25 லட்சம் என்பது ஏறத்தாழ 28 ஆயிரம் டாலர். திருச்சியில் நீங்கள் நல்ல நிலைமையில் இருக்கும் குடும்பம். அந்தக் கணக்கில் குறைந்த வருமானக் குடும்பம். ஹார்வர்டு 2025-26 கல்வியாண்டிலிருந்து, ஒரு லட்சம் டாலர் வரை வருமானமும் வழக்கமான அளவு சொத்தும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. அங்கே இடம் கிடைப்பது மிகக் கடினம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கேட்டிருக்கும் கட்டணமும் கடைசியில் கட்டும் கட்டணமும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

2011 முதல், மத்திய அரசின் மாணவர் உதவியைப் பெறும் அமெரிக்கக் கல்லூரிகள், உங்கள் குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கணிக்கும் ஒரு கால்குலேட்டரைத் தங்கள் இணையதளத்தில் வைத்தாக வேண்டும். சட்டம் அப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளையை அருகில் உட்கார வைத்துக்கொண்டு எட்டுப் பத்துக் கல்லூரிகளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

நாங்கள் இருவரும் இந்தியக் குடிமக்கள். நான் எச்-4 விசாவில் இருந்ததால் எனக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. மகனுக்கு அமெரிக்க அரசு உதவி கேட்க முடியுமா?
*ஒரு தாய், மதுரை*

முடியும், அம்மா. உங்கள் குடியுரிமையை யாரும் கேட்கவில்லை; மகன் குடிமகனா என்பதுதான் கேள்வி. அவன் நிரப்ப வேண்டியது ஃபாஃப்சா என்ற படிவம். கட்டணம் கிடையாது. வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். மகனுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். பெற்றோருக்கு எண் இல்லாவிட்டாலும் 2024-25 ஆண்டுப் படிவத்திலிருந்து தனிக் கணக்குத் தொடங்கிக் கையெழுத்திட வழி செய்திருக்கிறார்கள். அடையாளச் சரிபார்ப்பு சில சமயம் இழுக்கும் என்பதால் கடைசி வாரத்தில் உட்காராதீர்கள்.

இதன் மூலம் கிடைக்கக்கூடியவை: திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்ட், 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர். முதலாண்டு மாணவருக்கு 5,500 டாலர் வரை அரசுக் கடன். அதற்கு ஜாமீன்தாரர் வேண்டாம். கூடவே வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் திட்டம். பெற்றோர் பெயரில் தரும் பிளஸ் கடன் மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. அதற்குப் பெற்றோர் குடிமக்களாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களாகவோ இருக்க வேண்டும்.

தனியார் கல்லூரிகள் பலவும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்று இன்னொரு படிவம் கேட்கும். அது இன்னும் ஆழமாகத் துருவும். குடும்ப வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் என்றால் உள்நாட்டு மாணவருக்கு அதுவும் இலவசம். உங்கள் மகன் உள்நாட்டு மாணவன்.

பேத்தி பெயரில் பிறந்ததிலிருந்து எஃப்.டி. போட்டு வருகிறோம். படிப்புக்குச் சேமித்திருக்கிறோம் என்று காட்டினால் நல்லதுதானே?
*ஒரு தாத்தா, கும்பகோணம்*

பேத்திக்காகச் சேர்த்த மனதை வணங்குகிறேன், ஐயா. ஆனால் பெயர் இடிக்கிறது. ஃபாஃப்சா கணக்கில் மாணவர் பெயரில் உள்ள சேமிப்பில் 20 சதவீதத்தை வருடா வருடம் படிப்புக்குத் தரக்கூடியதாக எடுத்துக்கொள்வார்கள். பெற்றோர் பெயரில் இருந்தால் அதிகபட்சம் 5.64 சதவீதம். இனிமேல் போடுவதை மகன், மருமகள் பெயரில் போடுங்கள். இருப்பதை இருக்கிறபடி காட்டுங்கள்; மறைக்க வேண்டாம்.

இதைவிட அவசரமான ஒன்று. பேத்தி அமெரிக்கக் குடிமகள். அவள் பெயரில் இந்திய வங்கிகளில் உள்ள பணம், கூட்டுக் கணக்கு உட்பட, வருடத்தில் எந்த ஒரு நாளிலாவது மொத்தம் பத்தாயிரம் டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கையை அமெரிக்க அரசுக்கு அனுப்ப வேண்டும். குழந்தையாக இருந்தாலும் விலக்கு இல்லை. இது வரி அல்ல, தகவல். அனுப்பாமல் விட்டால் அபராதம் உண்டு. அமெரிக்க வரி தெரிந்த ஆடிட்டரை இந்த மாதமே பாருங்கள்.

ஊரில் உள்ள நிலம், வாடகைக்கு விட்ட வீடு இவையும் சொத்தில் சேரும். குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கேட்காது, சி.எஸ்.எஸ். கேட்கும்.

மகளின் சோஷியல் செக்யூரிட்டி அட்டை எங்கே போனதென்றே தெரியவில்லை.
*ஒரு தந்தை, வேலூர்*

அட்டையைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள். அமெரிக்காவில் இருந்தபோது நீங்கள் தாக்கல் செய்த பழைய வரிப்படிவத்தில், உங்களைச் சார்ந்தவர்கள் என்ற இடத்தில் மகளின் எண் இருக்கும். எண்ணே வாங்கவில்லை என்றால் அது வேறு வேலை: 12 வயதுக்கு மேற்பட்டவர் முதல்முறை விண்ணப்பிக்க நேரில் போக வேண்டும். ஒரு வருடம் முன்னதாகவே தொடங்குங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர். ஏதாவது பிரச்சினை வருமா?
*பிளஸ் ஒன் மாணவர், ஈரோடு*

வரும், தம்பி. தமிழ்நாட்டு வீடுகளிலிருந்து போகும் விண்ணப்பங்களில் அடிக்கடி சிக்குவது நம் இனிஷியல்தான்.

பாஸ்போர்ட்டில் 'அரவிந்த் குமார் செல்வராஜ்' என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் சேர்த்தபோது தாத்தா 'செ. அரவிந்த்குமார்' என்று எழுதிக் கொடுத்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது 'அரவிந்த்குமார் எஸ்' ஆனது. ஆதாரில் 'எஸ் அரவிந்த் குமார்'. நமக்கு இவை நான்கும் ஒரே பையன். அங்கே உள்ள கணினிக்கு நான்கு பையன்கள்: ஒருவன் தேர்வு எழுதியிருக்கிறான், இன்னொருவனின் மதிப்பெண் வந்திருக்கிறது, மூன்றாமவனின் உதவிப் படிவம் நிற்கிறது.

பாஸ்போர்ட்டில் உள்ளதே உங்கள் சட்டப்பூர்வப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொது விண்ணப்பமான காமன் ஆப், எஸ்.ஏ.டி., ஃபாஃப்சா எல்லாவற்றிலும் அதையே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஃபாஃப்சாவில் எழுதும் பெயர் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு பொருந்த வேண்டும். அதில் வேறு மாதிரி இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பள்ளிப் பதிவில் பெயரை மாற்ற இப்போது நேரம் இருக்கிறது என்றால் மாற்றுங்கள். இல்லாவிட்டால், 'இந்த இரு பெயர்களும் எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரே மாணவரைக் குறிக்கும்' என்று பிறந்த தேதியோடு தலைமையாசிரியர் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒவ்வொரு மதிப்பெண் பட்டியலோடும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். காமன் ஆப்பில் வேறு பெயர்களைக் குறிப்பிடவும் இடம் உண்டு.

காமன் ஆப்பில் 'அமெரிக்க இரட்டைக் குடிமகன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறேன். அதைத்தானே டிக் செய்ய வேண்டும்?
*பிளஸ் டூ மாணவர், கோவை*

வேண்டாம். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓ.சி.ஐ. என்பது காலவரையின்றி வந்துபோகவும் தங்கவும் உரிமை தரும் அட்டை, குடியுரிமை அல்ல. அமெரிக்கக் குடிமகன் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் பள்ளியில் கவுன்சலர் கிடையாது. தலைமையாசிரியர் நன்னடத்தைச் சான்றிதழ் தருகிறேன் என்கிறார். போதுமா?
*பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்*

போதாது. அவர் மனதில் இருப்பது டிசியோடு தரும் ஒற்றை வரி. கல்லூரி எதிர்பார்ப்பது உங்களை வகுப்பில் பார்த்த ஒருவரின் ஒரு பக்கம்.

கவுன்சலர் இல்லாததால் யாரும் உங்களை ஒதுக்கிவிடமாட்டார்கள். கவுன்சலர் இடத்தில் தலைமையாசிரியரோ துணைத் தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ கையெழுத்திடலாம். அவருக்கு வேலையைச் சுலபமாக்குங்கள். பள்ளியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்ய உதவுங்கள்: எந்த வாரியம், பிளஸ் டூவில் எத்தனை பேர், என்னென்ன பாடப்பிரிவு, பள்ளியின் சராசரி என்ன, முதல் மதிப்பெண் என்ன. இது இல்லாவிட்டால் உங்கள் 88, அங்கே ஒரு சாதாரண 88 ஆகிவிடும். உங்கள் பள்ளியில் கணக்கில் 90ஐத் தாண்டியவர்கள் மூன்றே பேர் என்று தெரிந்தால் அதே எண் வேறு மாதிரி படிக்கப்படும்.

பாட ஆசிரியரின் கடிதத்துக்கு, அதிக மதிப்பெண் கொடுத்தவரைவிட உங்களை நன்றாகத் தெரிந்தவரிடம் போங்கள். 'ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். பிராக்டிகலில் அளவு சரியாக வரவில்லை என்று மணி அடித்த பிறகும் நின்று மூன்றாவது முறை எடுத்துப் பார்த்தீர்களே, அதை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினால் பரவாயில்லை. படிக்கிறவர் இலக்கணத்தைத் திருத்த உட்காரவில்லை. ஆனால் கடிதத்தை நீங்களே எழுதி அவர் பெயரில் ஏற்றாதீர்கள்.

பள்ளிக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி இருந்தால் கடிதங்கள் அதிலிருந்தே போகட்டும்.

சி.பி.எஸ்.இ. சதவீதத்தை ஜி.பி.ஏ.வாக மாற்றுவது எப்படி?
*பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி*

மாற்றவே வேண்டாம். நூற்றுக்கு எவ்வளவோ அப்படியே எழுதுங்கள். மாற்றுவது அவர்கள் வேலை.

நீங்கள் கேட்காத இன்னொன்றைச் சொல்கிறேன். அவர்கள் நான்கு வருடங்களைப் பார்ப்பார்கள், ஒன்பதாம் வகுப்பிலிருந்து. நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் மதிப்பதில்லை. பல பள்ளிகளில் அந்தப் பதிவேடே எந்த பீரோவில் என்று தெரியாது. இப்போதே போய்க் கேளுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டும். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இங்கே தனி எச்சரிக்கை: பிளஸ் ஒன் மதிப்பெண்தான் விண்ணப்பத்தின்போது கையில் இருக்கும் கடைசி முழு ஆண்டு மதிப்பெண். பிளஸ் டூவுக்கு அரையாண்டு மதிப்பெண்ணும் ஆசிரியர்களின் கணிப்பும்தான் போகும்.

ஃபர்ஸ்ட் குரூப் எடுத்ததால் பத்தாம் வகுப்போடு வரலாறு போய்விட்டது. அமெரிக்கக் கல்லூரிகள் வரலாறு கேட்கின்றனவாமே?
*பிளஸ் ஒன் மாணவி, தஞ்சாவூர்*

கேட்கும். ஆனால் உங்கள் பாடத்திட்டம் தராததை நீங்கள் படிக்கவில்லை என்று குற்றம் சொல்லாது. ஒன்பது, பத்தில் படித்த சமூக அறிவியலைக் குறிப்பிடுங்கள். மொழிப்பாடமாகப் படித்த தமிழை ஆங்கிலமல்லாத மொழி என்ற இடத்தில் எழுதுங்கள். அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

நான் குடிமகன். டோஃபல் எழுத வேண்டியதில்லைதானே?
*பிளஸ் டூ மாணவர், ஓசூர்*

அது பாஸ்போர்ட்டைப் பொறுத்ததல்ல, பள்ளியின் பயிற்றுமொழியைப் பொறுத்தது. ஆங்கில வழியில் படித்தவர்களுக்குப் பல கல்லூரிகள் விலக்கு தருகின்றன, சில தருவதில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

எஸ்.ஏ.டி. வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
*ஒரு தந்தை, தாம்பரம்*

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், கல்லூரிக்கு ஒன்று இருப்பது. எம்.ஐ.டி., ஹார்வர்டு கட்டாயம் கேட்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அனுப்பினாலும் பார்க்காது. நடுவில் நிறைய கல்லூரிகள் உங்கள் விருப்பத்துக்கு விடுகின்றன. பெயர் தெரியாத ஒரு பள்ளியிலிருந்து போகும் மாணவருக்கு நல்ல எஸ்.ஏ.டி. மதிப்பெண் உதவி செய்யும் என்பது என் கருத்து. எழுதட்டும்.

பிளஸ் ஒன் அக்டோபரில் பி.எஸ்.ஏ.டி. எழுத வழி இருந்தால் அதையும் விடாதீர்கள். நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு வெளிநாட்டில் படிக்கும் அமெரிக்கக் குடிமக்களும் போட்டியிடலாம். அதற்கு வாசல் அந்தத் தேர்வு. அவர்களுக்கு வைக்கும் கட்-ஆஃப், மாநிலங்களிலேயே உயர்ந்த கட்-ஆஃபுக்குச் சமம் என்பதையும் தெரிந்துகொண்டு உட்காரட்டும். உங்கள் பள்ளி நடத்தாவிட்டால் நகரில் நடத்தும் பள்ளியில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

மகள் டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். ஓ.சி.ஐ. வைத்திருக்கிறாள். நீட்டா, அமெரிக்காவா?
*ஒரு தாய், நாகர்கோவில்*

முதலில் அவளுடைய ஓ.சி.ஐ. அட்டையை எடுத்து, அது முதலில் வழங்கப்பட்ட தேதியைப் பாருங்கள். 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி, இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்கள் போட்டியிட முடியாது, என்.ஆர்.ஐ. இடங்கள்தான். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களின் பழைய உரிமை தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. உங்கள் வீட்டில் எல்லாமே அந்த ஒரு தேதியில் நிற்கிறது.

அமெரிக்க வழி நீளம்: நான்கு வருடப் பட்டம், எம்.கேட். தேர்வு, அப்புறம் நான்கு வருட மருத்துவம். அங்கே மருத்துவக் கல்லூரிகளில் வெளிநாட்டவரைச் சேர்ப்பவை குறைவு. குடிமகளுக்கு அந்தத் தடை இல்லை. பட்டத்தையும் மருத்துவத்தையும் சேர்த்தே தரும் ஒருங்கிணைந்த படிப்புகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். இங்கே பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே மருத்துவத்துக்குப் போகலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். வெளிநாட்டில் படித்த பாடங்களை அங்கே பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை.

டாலஸில் இருந்தபோது நான் குடியுரிமை எடுத்தேன். அப்போது மகனுக்கு ஆறு வயது, கிரீன் கார்டு. பிறகு எல்லோரும் கோவை வந்துவிட்டோம். அவனுடைய கார்டு காலாவதியாகிவிட்டது. இனி அவன் வெளிநாட்டு மாணவன்தானா?
*ஒரு தந்தை, பீளமேடு*

ஐயா, உங்கள் மகன் நீங்கள் உறுதிமொழி எடுத்த அன்றே அமெரிக்கக் குடிமகன் ஆகியிருக்கிறான் என்று நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட, கிரீன் கார்டு உள்ள பிள்ளை குடிமகனான தாய் அல்லது தந்தையின் பொறுப்பில் அமெரிக்காவில் வசித்தால் குடியுரிமை தானாக வந்துவிடும். தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அட்டை காலாவதியானதால் அது போகாது. உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், அவனுடைய பழைய கிரீன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், அப்போது ஒன்றாக வசித்ததற்கான சான்றுகள் இவற்றோடு சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அவனுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பியுங்கள். ஒருமுறை குடியேற்ற வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். இந்த வழியில் அவன் அமெரிக்கக் குடிமகன் ஆகியிருந்தால் அவனுடைய இந்திய பாஸ்போர்ட்டை என்ன செய்வது என்ற கேள்வியும் உடன் வரும்.

மகனுக்கு 18 ஆகிறது. அமெரிக்க ராணுவப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமாம். பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், புதுச்சேரி*

18 முதல் 25 வயது வரையிலான ஆண் குடிமக்கள், வெளிநாட்டில் வசித்தாலும், அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் இருப்பது ராணுவத்தில் சேர்வது ஆகாது. 1973க்குப் பிறகு அங்கே யாரையும் கட்டாயமாக ராணுவத்துக்கு எடுக்கவில்லை. பின்னாளில் மத்திய அரசு வேலைக்குப் போகும்போது இந்தப் பதிவைக் கேட்பார்கள்.

ஒரு ஏஜென்ட், மகனுக்கான எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். எங்களிடம் பணமே வேண்டாமாம், கல்லூரி தருமாம். நம்பலாமா?
*ஒரு தந்தை, திருப்பூர்*

உங்கள் மகன் குடிமகன் என்று அவரிடம் சொன்னீர்களா? மாணவரைச் சேர்த்துவிட்டதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதை அமெரிக்கச் சட்டம் அங்குள்ள கல்லூரிகளுக்குத் தடை செய்கிறது. வெளிநாட்டில் வசிக்கும், மத்திய அரசு உதவி பெறத் தகுதியில்லாத வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் விலக்கு. உங்கள் மகன் அந்த விலக்கில் வரமாட்டான். இதைச் சொன்ன பிறகும் அவர் அதே பேச்சைப் பேசினால் வெளியே வந்துவிடுங்கள். உங்கள் மகனை வெளிநாட்டு மாணவர் படிவத்தில் ஏற்றச் சொல்லும் யாருடைய யோசனையையும் கேட்காதீர்கள்; உதவித்தொகை முழுக்க அங்கேதான் நழுவும்.

கட்டுரைக்கு 'இரு நாடுகளுக்கு நடுவே நான்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். எப்படி?
*பிளஸ் டூ மாணவி, மயிலாப்பூர்*

உங்களைப் போன்ற எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். 650 வார்த்தைகள்தான் இடம். நாடுகளை விட்டுவிட்டு, நீங்கள் நேரம் போவது தெரியாமல் செய்யும் ஒரு காரியத்தை எழுதுங்கள். மயிலாப்பூர் தானாக உள்ளே வந்துவிடும்.

விசா நேர்காணலுக்கு எப்போது தயாராக வேண்டும்?
*பிளஸ் டூ மாணவர், காரைக்குடி*

உங்களுக்கு விசாவும் இல்லை, ஐ-20யும் இல்லை. கல்லூரி தவறுதலாக ஐ-20 படிவம் அனுப்பினால் உடனே எழுதித் திருத்துங்கள். உங்களை வெளிநாட்டுப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் உள்ளே நுழைய வேண்டும். 16 வயதுக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். போன பிறகு எந்த வேலையும் பார்க்கலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற எஃப்-1 வரம்பு உங்களுக்குக் கிடையாது. படிப்பு முடிந்ததும் எச்-1பி குலுக்கலும் இல்லை.

இரண்டு வயதில் வந்துவிட்டேன். அமெரிக்கா எனக்கு ஞாபகமே இல்லை. எல்லோரும் 'உன் ஊருக்குத்தானே போகிறாய்' என்கிறார்கள். பயமாக இருக்கிறது என்று சொன்னால் வீட்டில் புரியவில்லை.
*பிளஸ் டூ மாணவி, ஊர் வேண்டாம்*

உங்கள் பயம் நியாயமானது. அந்த நாட்டில் உங்களுக்கு உரிமை இருக்கிறது, பழக்கம் இல்லை. வீட்டில் இந்த வித்தியாசத்தை இப்படியே சொல்லிப் பாருங்கள், அம்மாவுக்குப் புரியும். அவரும் ஒருநாள் தெரியாத ஊரில் இறங்கியவர்தான்.

போக வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் குடியுரிமை எங்கும் போகாது. மேற்படிப்புக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம். போவதென்று முடிவெடுத்தால், நடைமுறையில் தடுக்கும் சில விஷயங்களுக்கு இப்போதே தயாராகுங்கள். அங்கே உங்களுக்குக் கடன் வரலாறு கிடையாது, அதனால் செல்போன் ஒப்பந்தம்கூட முதலில் இழுபறியாகும். மருத்துவக் காப்பீடு கல்லூரி மூலம் எடுக்க வேண்டியிருக்கும். நன்றிகூறல் விடுமுறைக்கு விடுதி மூடிவிடும் கல்லூரிகள் உண்டு. அந்த நாட்களில் எங்கே தங்குவது என்று சேரும் முன்பே கேளுங்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரி திறப்பதற்குச் சில நாட்கள் முன்பே ஓர் அறிமுக முகாம் நடக்கும். வங்கிக் கணக்கு தொடங்குவதிலிருந்து பேருந்து ஏறுவது வரை அதில்தான் சொல்லித் தருவார்கள். நீங்கள் குடிமகள் என்பதால் அந்த அழைப்பு தானாக வராது. வெளிநாட்டில் வளர்ந்த குடிமக்களையும் பல கல்லூரிகள் அதில் சேர்த்துக்கொள்கின்றன, கேட்டால். மே 1க்குள் இடத்தை உறுதிசெய்து எழுதும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.